பெயர்ப் பட்டியலுக்கு மூன்றாவது தலைப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் இணைப்புகளில் வரும் குழந்தைப் பெயர்ப் பட்டியல்களுக்கு எப்போதும் இரண்டே தலைப்புகள்: ஆண் குழந்தை, பெண் குழந்தை. எழில், சுடர், மதி, அருள், பரணி போன்ற பெயர்கள் இவற்றில் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பது தொகுத்தவரின் கையில் இருக்கிறது. ஒரு பட்டியலில் ஆணுக்கு வந்த பெயர் இன்னொன்றில் பெண்ணுக்கு வருவதும் உண்டு. பார்த்தவுடனே ‘இது பெண் பெயர்’ என்று சொல்லிவிட முடியாத ஒரு பெயரை மகளுக்குத் தேடும் பெற்றோருக்கு இந்தப் பட்டியல்களால் உதவி இல்லை. ‘இருபாலருக்கும்’ என்று மூன்றாவது தலைப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பது நினைப்பதைவிடச் சிக்கலானது.

பலரும் செய்வது பெயரின் வாலை வெட்டுவது. முகிலன், முகிலினி இரண்டிலும் வாலை எடுத்தால் முகில். யாழினியில் எடுத்தால் யாழ். தமிழில் அன், ஆன் ஆண்பாலைக் காட்டும். அள், ஆள், இ, ஐ பெண்பாலைக் காட்டும். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது பெரும்பாலும் ஓர் அஃறிணைச் சொல். இந்தி, சமஸ்கிருதம், ஜெர்மன் போன்ற மொழிகளில் மேகத்துக்கும் நிலவுக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. தமிழில் உயிரற்ற பொருளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே இலக்கணப்படி நம் மொழியில் பொதுப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது.

வழக்குப்படி அப்படி இல்லை. அழகு என்று பொருள்படும் கவின் இன்று ஏறக்குறைய முழுக்க ஆண்களிடம் போய்விட்டது. அதே பொருளுடைய எழில் இருபக்கமும் நிற்கிறது. கதிர் ஆண், மலர் பெண், நிலா பெண், கயல் பெண். இவற்றில் எதையும் இலக்கணம் பிரிக்கவில்லை. அந்தப் பெயரோடு நடமாடுகிறவர்கள் பிரித்தார்கள். எனவே ஒரு பெயர் பொதுவானதா என்று அறிய அகராதியைப் பார்த்துப் பயனில்லை. பள்ளி வகுப்புப் பட்டியல், தேர்வு முடிவுப் பட்டியல், வாக்காளர் பட்டியல் போன்றவற்றில் அந்தப் பெயருடையவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். இரு பாலிலும் ஆள் இருந்தால் அது பொதுப் பெயர். எல்லோரும் ஆண்களாகவே இருந்தால், மகளுக்கு வைப்பது பொதுப் பெயர் அல்ல, ஆண் பெயர். அப்படி வைப்பதும் ஒரு தேர்வுதான். தெரிந்து வைக்க வேண்டும். கதிர் என்று மகளுக்கு வைத்தவர்கள் ஒவ்வொரு கவுண்டரிலும் ‘பையன் எங்கே?’ என்ற கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். எழில் என்று வைத்தவர்களுக்கு அந்தக் கேள்வி பாதி இடங்களில்தான் வரும்.

பொதுவாக இருக்கும் பெயர் பொதுவாகவே நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ஆங்கிலத்தில் ஆஷ்லி, பெவர்லி, ஈவ்லின் ஆகியவை ஒரு காலத்தில் ஆண்களுக்கு வைக்கப்பட்டவை. இப்போது பெண் பெயர்களாகவே அறியப்படுகின்றன. எதிர்த்திசையில் போன பெயர் அரிது. காரணம் எளிது: ஆண் பெயரை மகளுக்கு வைக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் பலருக்கு இருக்கும் பெயரை மகனுக்கு வைக்கத் தயங்குகிறவர்கள் அதைவிட அதிகம். பெண்களின் எண்ணிக்கை கூடக் கூட மகன்களைப் பெற்றவர்கள் மெல்ல விலகுவார்கள். பெயரும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பொதுப் பெயர் வேண்டும் என்று சொல்கிறவர்கள் அதை மகனுக்கும் வைத்தால்தான் அது பொதுவாக நீடிக்கும். மகளுக்கு மட்டும் புதுமை செய்வது பாதி வேலை.

புதிதாகத் தேடுவதற்கு முன் பழைய கையிருப்பைப் பார்க்கலாம். ‘மணி’ என்று முடியும் பெயர்களில் பல பேரளவுக்கு அல்ல, உண்மையிலேயே இருபாலருக்கும் வழங்கியவை: தவமணி, கலைமணி, ஜோதிமணி, செல்வமணி, கண்மணி. மணி என்ற தனிப்பெயரும் அப்படியே. சுப்பிரமணியும் மணிதான், மணிமேகலையும் மணிதான். ‘மொழி’யில் முடிபவை பெரும்பாலும் பெண் பெயர்களாகிவிட்டாலும் அருள்மொழியும் மணிமொழியும் இருபக்கமும் இருக்கின்றன. முதலாம் இராசராசனின் இயற்பெயர் அருள்மொழி. இன்று அந்தப் பெயரில் பெண்கள் ஏராளம். (இதை அருண்மொழி என்றும் எழுதுவார்கள், புணர்ச்சிப்படி அது சரி. இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் சான்றிதழுக்குச் சான்றிதழ் எழுத்து மாறும்.) ‘அம்’ என்று முடிவனவற்றில் தங்கம், பாக்கியம், ரத்தினம், ஞானம் இரு பாலிலும் வழங்கியவை. ஆனால் அம் என்று முடிந்தாலே பொது என்று நினைத்துவிடக் கூடாது. சுந்தரம், ஆறுமுகம், சிதம்பரம் ஆண்கள். கமலம், கனகம், விசாலம் பெண்கள். இந்தப் பெயர்களுக்கு இப்போது ‘பழசு’ என்ற ஒரே குறை. அந்தக் குறை தலைமுறை மாறினால் தானே போய்விடும்.

பால் காட்டாத பெயர் நமக்குப் புதிதும் இல்லை. சங்கப் புலவர்களில் ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் என இருவர் உண்டு. ஆர் என்ற மரியாதை விகுதிக்கு முன்னால் அன்னும் இயும் நிற்பதால்தான் ஒருவர் ஆண், மற்றவர் பெண் என்று தெரிகிறது. செம்புலப்பெயனீரார் என்ற பெயரில் அந்த அடையாளம் எதுவும் இல்லை. சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்பதில் அறிஞர்களின் கணக்கு வேறுபடுவதற்கு இத்தகைய பெயர்களும் ஒரு காரணம்.

இனி எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். பெயரைத் தனியாக வைத்துப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். ஆவணத்தில் அது தனியாக வருவதில்லை. தலைப்பெழுத்தோடு ‘மு. எழில்’ என்று இருக்கும்வரை சிக்கல் இல்லை. தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்லும் இடத்தில் தந்தையின் பெயர் பின்னால் வந்து ஒட்டும். அப்போது ‘எழில் முருகன்’ ஆகிறது. யார் படித்தாலும் ஓர் ஆணின் பெயர். மதி என்ற மகளுக்கு மாறன் என்ற அப்பா இருந்தால் ‘மதி மாறன்’. அருளுக்குச் செல்வன் அப்பா என்றால் ‘அருள் செல்வன்’. தமிழுக்கு அரசன் அப்பா என்றால் ‘தமிழ் அரசன்’. இவை மூன்றும் ஏற்கெனவே நாட்டில் புழங்கும் முழு ஆண் பெயர்கள். யாழினி முருகன் என்றால் இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் முதல் பெயரே பாலைச் சொல்லிவிடுகிறது. பொதுப் பெயரில் அந்தத் தடுப்பு இல்லாததால் இரண்டாவது பெயர் முதல் பெயரை விழுங்கிவிடுகிறது.

விரிக்காமல் விட்டுவிடலாமே என்றால் அதற்கும் விலை உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அது ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை 2022 நவம்பர் முதல் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும், காலியாகும் முதல் பெயர்க் கட்டத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஆக இரண்டாவது பெயர் ஒன்று தேவை. அது என்ன என்பதைப் பெயர் சூட்டும்போதே முடிவு செய்ய வேண்டும்.

வழிகள் மூன்று. அப்பாவின் பெயர் ஆண்பால் விகுதியோடு முடிந்தால் அம்மாவின் பெயரை இரண்டாவதாக வைக்கலாம்: ‘எழில் கோமதி’ யாரையும் குழப்பாது. அல்லது இரண்டு சொல்லை இணைத்துக் குழந்தையின் பெயரையே நீளமாக்கலாம்: சுடர் என்பதற்குப் பதில் சுடர்மணி, அருளுக்குப் பதில் அருள்மொழி. பின்னால் எந்தப் பெயர் வந்து ஒட்டினாலும் இவை கரைந்துபோகாது. மூன்றாவது, பால் தெரியும் பெயர் ஒன்றை நடுவில் சேர்ப்பது. வளர்ந்தபின் எதைப் பயன்படுத்துவது என்று மகளே தேர்ந்துகொள்வாள். ஆனால் நடுப் பெயரை வைத்துவிட்டு எல்லா இடத்திலும் அதைச் சேர்த்தே எழுதினால் பொதுப் பெயர் வைத்ததன் நோக்கம் போய்விடும். இந்த மூன்றில் இரண்டாவதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது.

ஓசையிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. மெய்யெழுத்தில் முடியும் பெயர் பேச்சில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். எழில் ‘எழிலு’ ஆவாள், சுடர் ‘சுடரு’, துளிர் ‘துளிரு’. இது பிடிக்காதவர்கள் மதி, கனி, பரணி, மணி என உயிரில் முடியும் பெயரைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து கூப்பிடும்போது கடைசி எழுத்தை நீட்டவும் வசதி. யாழ், எழில், பொழில், தமிழ் எல்லாவற்றிலும் ழகரம் இருக்கிறது. அது பலர் வாயில் ளகரமாகும்; சிலரிடம் யகரமாகவும் ஆகும். ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டிருக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு வைக்க வேண்டும்.

அன்றாடம் வாயில் புழங்கும் சொல்லைப் பெயராக வைத்தால் வாக்கியங்கள் மோதிக்கொள்ளும். ‘மழை இன்னும் வரவில்லை’, ‘இசை நின்றுவிட்டது’, ‘தமிழுக்கு மார்க் போட்டாச்சா’ என்றால் ஆளையா பொருளையா சொல்கிறோம் என்று ஒரு நொடி விழிக்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பொருள் தெரிந்த, ஆனால் தினமும் யாரும் சொல்லாத சொல்தான் பெயருக்கு ஏற்றது. எழில், முகில், சுடர், துளிர் அந்த வகை. யாருக்கும் தெரியாத அரிய சொல்லைப் பழைய நிகண்டிலிருந்து எடுத்து வந்தால் வாழ்நாள் முழுக்க அவள் பொருள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்ற கேள்வியோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

வேற்று எழுத்தில் எழுதும்போது இன்னொரு சிக்கல். ழகரத்துக்குத் தமிழ்நாட்டில் ‘இசட்-எச்’ போடுவோம். இலங்கைத் தமிழரிடம் ‘எல்’ போடுவதே பெருவழக்கு. தமிழ் தெரியாதவர் ‘இசட்’டைப் பார்த்தால் இசட் ஓசையோடே படிப்பார். முகிலுக்குக் ‘கே’யும் வரும், ‘ஜி’யும் வரும். எது சரி என்பதைவிட, எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். பாஸ்போர்ட்டில் இயந்திரம் வாசிக்கும் வரியில் இரண்டு பெயருக்கும் சேர்த்து 39 இடங்கள்தான். புள்ளிக்கும் மேற்கோள் குறிக்கும் அங்கே இடமில்லை. பெயரை எழுதியபின் வேறு மொழிக்காரர் ஒருவரிடம் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கனி என்ற அழகான பெயரை இந்தி பேசுகிறவர் முதலெழுத்தை நீட்டிப் படித்தால் அது ஒற்றைக் கண்ணுடையவள் என்றாகிவிடும். இதெல்லாம் காகிதத்தில் பார்த்தால் தெரியாது. தொலைபேசியில் முன்பின் அறியாத ஒருவரிடம் பெயரைச் சொல்லி எழுதச் சொல்வதும் நல்ல சோதனை. அவர் என்ன எழுதினார், ‘சாரா, மேடமா?’ என்று கேட்டாரா என்று கவனித்தால் போதும்.

இத்தனையும் சோதிக்க நேரம் உண்டா என்றால், உண்டு. இந்தியாவில் பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயரை அப்போதே சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் ஆனபின், அதில் ஏறும் எழுத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது. மருத்துவமனையில் படிவத்தை நீட்டியவுடன் அவசரத்தில் எழுதிக் கொடுக்காமல் சில வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதியலாம்.

பதியும்போது பெயரைவிடப் பால் குறிக்கும் கட்டத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சுடர், பரணி என்று பார்த்ததும் படிவத்தைப் பார்க்காமலே ‘ஆண்’ என்று தட்டிவிடும் கை எங்கேயும் இருக்கும். அந்தப் பிழை ஒரு பதிவில் நுழைந்தால் அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது என்று பரவும். ஆண்டுகள் கழித்து இரண்டு ஆவணங்களை ஒப்பிடும்போதுதான் வெளியே வரும். எனவே அச்செடுத்துத் தரும் ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு சொல்லை நின்று படித்துவிட்டுத்தான் நகர வேண்டும். விமான டிக்கெட்டிலும் பெயருக்கு முன்னால் போடும் அடைமொழியை ஏஜென்ட்டின் ஊகத்துக்கு விடக் கூடாது.

சில நாடுகளில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜெர்மனியில் ஒரு பெண் குழந்தைக்குக் கிரண் என்று பெயர் வைத்தபோது, அது ஆணா பெண்ணா என்று காட்டவில்லை, கூடவே பால் தெரியும் இன்னொரு பெயரும் வேண்டும் என்று பதிவு அலுவலகம் கேட்டது. முதற்பெயர் பாலைக் காட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2008 டிசம்பர் 5 அன்று அந்நாட்டுக் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐஸ்லாந்தில் மென்காற்று என்று பொருள்படும் ப்ளைர் என்ற பெயரை ஒரு பெண்ணுக்கு மறுத்தார்கள். அந்த மொழியில் அச்சொல் ஆண்பால் என்பதே காரணம். 2013-இல் நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. 2019-இல் பெயர்களை ஆண், பெண் என்று பிரிக்கும் விதியே அங்கே நீங்கியது. சீக்கியர்களிடமும் திபெத்தியர்களிடமும் ஒரே பெயர் இருபாலருக்கும் வருவது சாதாரணம். டென்சின் என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். யாருக்கும் அதில் வியப்பு இல்லை.

பொதுப் பெயரால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். பெயரைப் பார்த்துப் பாகுபாடு காட்டுகிறவரிடமிருந்து அது காக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். புகைப்படமும் பால் கட்டமும் உள்ள விண்ணப்பத்தில் பெயர் எதையும் மறைக்காது. தமிழ் வாக்கியமும் மறைக்காது. ‘எழில் வந்தாள்’ என்று வினைமுற்றே சொல்லிவிடும். ‘வந்தார்’ என்று எழுதினால்தான் மறையும். பெயர் மறைப்பதற்காக அல்ல, பிடித்திருப்பதால் வைக்கப்படுவது என்று நினைத்து வைப்பவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

உங்கள் செய்திப் பிரிவுக்கும் ஒரு விண்ணப்பம். தேர்வு முடிவு, விளையாட்டுப் போட்டிச் செய்திகளில் பெயரை வைத்து ‘மாணவன்’, ‘மாணவி’ என்று ஊகித்து எழுதுவதால் பிழை நேர்கிறது. செய்தி தருபவரிடம் கேட்டு எழுதலாம்; கேட்க முடியாத இடத்தில் ‘மாணவர்’ என்றும் ‘பிடித்தார்’ என்றும் எழுதினால் எந்தக் குறையும் வராது. கடிதம் எழுதுவோருக்கு முன்னால் திரு, திருமதி என்று சேர்ப்பதற்குப் பதில் திருமிகு என்று போட்டால் அங்கேயும் ஊகம் தேவைப்படாது.

பட்டியலைப் பற்றி: ஒவ்வொரு பெயருக்கும் பொருளை மட்டும் அச்சிடாமல், இப்போது யார் யாருக்கு வழங்குகிறது, பேச்சில் எப்படி ஒலிக்கும், ஆங்கில எழுத்தில் வழக்கமான வடிவம் எது என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தால் பெற்றோருக்குப் பாதி வேலை முடிந்தது. ‘மணி’யில் முடியும் பெயர்களை எடுத்துக்கொண்டாலே முதல் வாரத்துப் பத்தி நிறைந்துவிடும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்